திருத்திப் படிக்கவும்

விடியக்காலை நாலு மணிக்கு
மேலமாசி வீதி முக்கில்
செய்தித்தாளுக்குள் நகைக்கடை நோட்டீசு செருகுவது என் வேலை.
ஆயிரத்துக்கு அறுபது ரூபாய்.
பத்து மணிக்கு இதழியல் வகுப்பு, இரண்டாம் ஆண்டு.
விரலில் மை போகும் முன்னமே
செய்தி என்றால் என்ன என்று பாடம் தொடங்கிவிடும்.

ஆடி மாசம், ஒரு செவ்வாய்.
காளவாசல் சிக்னலில்
உசிலம்பட்டி பஸ் ஒரு தள்ளுவண்டியை இடித்தது.
நான் அங்கேதான் நின்றேன்.
வண்டி நிறையக் கொய்யா.
ரோடு முழுக்க உருண்டது.
ஆட்டோக்காரர்கள் குனிந்து பொறுக்கினார்கள்.
பொறுக்கியதில் பாதி
வண்டிக்காரர் சாக்குக்குத் திரும்பி வந்தது.
மீதி வரவில்லை.

மறுநாள் நாலு மணிக்கு
மூன்று பத்திரிகைகளையும் வரிசையாகப் பிரித்தேன்.
ஒன்றில் மூவர் காயம்.
ஒன்றில் ஐவர்.
இன்னொன்றில் எண்ணே இல்லை, பலர்.
நான் பார்த்தது இரண்டு பேர்,
அப்புறம் ஒரு நாய்,
அதுவும் நொண்டிக்கொண்டே ஓடிவிட்டது.
எண்ணிக்கையில் அடித்துக்கொண்ட மூன்றும்
பெயரில் ஒத்துப்போயின:
அச்சப்பன் என்ற முதியவர்.
மூன்று வாய் ஒரே பேரைச் சொன்னால்
நிஜமாகத்தானே இருக்கும்.

நானும் எழுதினேன்.
‘கோர விபத்து. பொதுமக்களிடையே பெரும் பரபரப்பு.
அச்சப்பன் என்ற முதியவர் ரத்த வெள்ளத்தில்...’
இருபதுக்குப் பதினேழு.
ஓரத்தில் சிவப்பு மையில், ‘நல்ல நடை’.

பத்து நாள் கழித்து
அதே சிக்னலில் அதே வண்டி.
இடது கையில் கட்டு.
கால் கிலோ வாங்கிவிட்டு
பெருமையாக நோட்டை நீட்டினேன்.
ஒரு கையால் பிடித்து, எழுத்துக்கூட்டிப் படித்தார்.

‘யாருப்பா இந்த அச்சப்பன்?
எம்பேரு ஒச்சப்பன். ஒச்சாண்டம்மன் பேரு.
அம்பத்திரெண்டு வயசுல கெழவனாக்கிப்புட்டாய்ங்க.
ஏட்டையா தப்பா எழுதிக்கிட்டாரு,
அதப் பாத்து அம்புட்டுப் பேரும் எழுதிருக்காய்ங்க.
பஸ்காரன் ஆபீசுல காசு கேட்டா
அச்சப்பனக் கூட்டிட்டு வாங்குறான்.
எங்கிட்டுப் போயி கூட்டியார?’

எடைக்கல்லை எடுத்து வைத்துவிட்டு,
‘நீ அங்கனதான நின்ன தம்பி.
எங்கிட்டயே கேட்டிருக்கலாம்ல.’

மூன்று வாய் இல்லை, ஒரு துண்டுச்சீட்டு.
நான் நாலாவது நகல்.

பத்திரிகைக்காரன் எல்லாம் புளுகன் என்று
கேன்டீனில் பேசுவது சுலபம்.
நானே பேசியிருக்கிறேன், டீ ஆறிப்போகும்வரை.
என் நோட்டில் என் கையெழுத்தில் இருக்கிற புளுகை
எந்த மேசையில் வைத்துப் பேச?

மூன்று பேருக்கும் தபால் போட்டேன்.
இரண்டு பேர் கண்டுகொள்ளவில்லை.
ஒன்றில் வந்தது, ஒன்பதாம் பக்கம்,
தொலைந்துபோன பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்குக் கீழே:
‘அச்சப்பன் என்பதை ஒச்சப்பன் எனத் திருத்திப் படிக்கவும்.’
அன்றைக்கு நாற்பது பிரதியில்
நோட்டீசு செருக மறந்துபோனேன்.
தப்பை ஒத்துக்கொண்ட அந்த ஒன்றைத்தான்
இப்போதெல்லாம் முதலில் பிரிக்கிறேன்.
முழுசாக நம்பி இல்லை.
கொய்யாவில் பாதி திரும்பி வந்த மாதிரி
ஒரு பாதி.

முதலாண்டு நோட்டைப் புரட்டினால் சிரிப்பு வருகிறது.
வரிக்கு வரி ‘பெரும்’,
எதைத் தொட்டாலும் ‘பரபரப்பு’.
எழுத்து வளர்ந்தால் நீளும் என்று நினைத்திருந்தேன்.
என்னுடையது குட்டையாகிக்கொண்டே வருகிறது.

அதே விபத்தை நேற்று மறுபடி எழுதினேன்.
கோரம் இல்லை, வெள்ளம் இல்லை.
ஒச்சப்பன், 52, கொய்யா வியாபாரி, கருமாத்தூர்.
இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு.
இன்னொருவர் ஒரு பெண்.
பச்சைச் சேலை, கையில் டிபன் கேரியர்,
பஸ் படியிலிருந்து விழுந்தவர்.
எல்லாரும் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தபோது
தானே எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டு,
ஆரப்பாளையம் பக்கம் நடந்து போனார்.
மூன்றில் ஒன்றிலும் அவர் இல்லை.
மூன்று சாயங்காலம் அந்தப் பக்கம் விசாரித்தேன்.
யாருக்கும் தெரியவில்லை.

பேர் வரவேண்டிய இடத்தை
ஒரு விரல்கடை அகலத்துக்குக்
காலியாக விட்டிருக்கிறேன்.